பூனையின் நூறு மீட்டர்

செஞ்சியில் திருவண்ணாமலைச் சாலையில் நின்று சுற்றிப் பார்த்தால் வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றும் உருண்டைக் கருங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த குன்றுகள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் ஆனைக்குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தொலைநோக்கியோடு வருகிற சிலர் தேடுவது வேறு. பாறை இடுக்குகளில் வளர்ந்த முட்புதர்களுக்குள் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றொரு பறவை வாழ்கிறது. சாம்பல் பச்சை உடம்பு, மஞ்சள் தலை, அதைவிடப் பளிச்சென்ற மஞ்சள் தொண்டை. தென்னிந்தியாவின் இத்தகைய பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1845இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று இது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனங்களில் ஒன்று.

இந்தப் பறவைக்கு முதல் பகை கல்குவாரி. அதைச் சொல்லாமல் பூனையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. பாறையையே வெடிவைத்துத் தகர்த்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டால் சின்னானுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் செஞ்சிக் கோட்டையின் பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி இங்கே பாறை போகாது. கூட்டம் வரும், அதன் பின்னாலேயே கடை வரும், கடையின் மிச்சம் வரும், மிச்சத்தைத் தின்னும் விலங்குகள் பெருகும். குவாரிக்குத் தப்பிய குன்றில் அடுத்துக் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். அதனால்தான் வளர்ப்புப் பூனையை வெளியே திரிய விடலாமா என்ற கேள்வி, மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக நடக்கும் அந்தச் சண்டை, செஞ்சிக்கும் பொருந்துகிறது.

நம் சட்டத்தில் இதற்குப் பதில் தேடினால் கிடைப்பது விசித்திரமான ஒரு மௌனம். 1871இல் பிரிட்டிஷ் அரசு கால்நடை அத்துமீறல் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறர் வயலில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்து, தண்டம் கட்டி மீட்டுவரும் வழக்கத்துக்கு அடிப்படையான சட்டம் அது. எந்தெந்த விலங்குகளுக்கு அது பொருந்தும் என்று நீளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். யானை உண்டு, ஒட்டகம் உண்டு, எருமை, குதிரை, கோவேறு கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு எல்லாம் உண்டு. பூனை இல்லை. பயிரை மேயாத விலங்கு யாருக்கும் நஷ்டம் வைக்காது என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எல்லா விலங்குகளுக்கும் பொருந்தும். வளர்க்கும் விலங்கின் நலனைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது அதன் 3ஆம் பிரிவு. பசியாலோ தாகத்தாலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டு வருவதும் அதில் அடங்கும். பூனை திரிவதைத் தொடும் வாசகம் அதே பிரிவில் ஒன்றே ஒன்று இருக்கிறது: தொற்றுநோய் கண்ட விலங்கை அதன் உரிமையாளர் தெரிந்தே தெருவில் திரிய விடுவது குற்றம். முதல் முறைக்குத் தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு மட்டும் கடுமையானது. கெடுதல் செய்யும் எண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால், விஷம் வைத்தால், முடமாக்கினால் ஐந்தாண்டு வரை சிறை. கோழிக்குஞ்சைத் தூக்கிய ஆத்திரத்தில் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கருவாட்டில் குருணை மருந்து வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திரிய விடலாம் என்ற பக்கத்துக்கும் சட்டத்தில் ஆதாரம் உண்டு. அது ஜல்லிக்கட்டு வழக்கிலிருந்து வந்தது. 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், விலங்குகளுக்கு உரிய ஐந்து சுதந்திரங்களை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்றது. பசி, அச்சம், வலி போன்றவற்றிலிருந்து விடுதலையோடு, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரமும் அந்த ஐந்தில் ஒன்று. பூனையின் இயல்பு என்ன? மோப்பம் பிடிப்பது, எல்லை வகுப்பது, பதுங்குவது, பாய்வது. அறைக்குள் அடைத்த பூனைக்கு இவற்றில் எது மிஞ்சும் என்று கேட்பவர்களின் கேள்வி வெறும் பாசத்தில் எழுந்ததில்லை.

ஆகப் பூனைக்குக் கொடுமை செய்தால் தண்டிக்க ஒரு சட்டம். சின்னானையும் கௌதாரியையும் மனிதன் வேட்டையாடினால் தண்டிக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மனிதன் சோறு போட்டு வளர்க்கும் பூனை அதே கௌதாரியைப் பிடித்தால்? அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நொய்டா நிர்வாகம் 2022 இறுதியில் நாய்களோடு பூனைகளையும் பதிவுசெய்யச் சொல்லி, செல்லப்பிராணியால் விபத்து நேர்ந்தால் உரிமையாளருக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் என்று விதி வகுத்தது. அதுவும் மனிதருக்கு நேரும் தீங்கைப் பற்றியது. பறவைக்கு அதில் இடமில்லை.

இந்த வெறுமையைச் செஞ்சி வட்டாரத்தின் பழைய சமயங்கள் கவனித்திருக்கின்றன என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இது தமிழ்ச் சமணர்களின் நிலம். அவர்களுடைய மடம் பக்கத்திலே மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஊரை ஒட்டிய திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் சார்ந்த திகம்பர மரபு மதிக்கும் பிராகிருத நூல்களில் ஒன்று கார்த்திகேயானுப்பிரேட்சை. இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண் தீமைகளை அடுக்கும்போது, கொல்லும் கருவியைப் பிறர் கையில் கொடுப்பது போன்ற செயல்களில் ஒன்றாக, பூனை முதலிய விலங்குகளை வளர்ப்பதை அது சொல்கிறது. ஆயுத விற்பனைக்குப் பக்கத்தில் பூனை வளர்ப்பு! பூனையின் மேல் அந்த நூலுக்குக் கோபமில்லை. பூனை கொல்வது அதன் பிறவி. அதைச் சோறிட்டு நிறுத்திவைப்பவனே கொலைக்குப் பொறுப்பு என்பது அதன் தர்க்கம்.

ராஜகிரி அடிவாரத்தில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. அங்கே தொழுதவர்கள் அறிந்த நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. ஒரு பெண் பூனையை அடைத்துவைத்தாள், தானும் தீனி போடவில்லை, தரையில் ஊர்வனவற்றைப் பிடித்துத் தின்ன அதை அவிழ்த்துவிடவும் இல்லை, அது செத்தது, அதற்காக அவள் தண்டிக்கப்பட்டாள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மரபு வளர்க்காதே என்கிறது, மற்றது அடைக்காதே என்கிறது. ஆனால் நபிமொழியில் குற்றம் அடைத்ததில் மட்டும் இல்லை, அடைத்தபின் சோறு போடாததில் இருக்கிறது. இரண்டும் கணக்குக் கேட்பது வளர்ப்பவரிடம்தான். இன்றைய சட்டங்கள் தட்டுத் தடுமாறி வந்துசேரும் இடமும் இதுவே.

இனி அறிவியலுக்கு வருவோம். வயிறாரச் சோறு போட்டால் பூனை வேட்டைக்குப் போகாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆனால் பூனையின் மூளையில் பசியும் வேட்டையும் தனித்தனித் தடங்களில் ஓடுகின்றன. 1976இல் அடமெக் என்ற ஆய்வாளர், பிடித்தமான தீனியைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன்னே எலியை விட்டுப் பார்த்தார். தின்பதை நிறுத்திவிட்டுப் போய் எலியைக் கொன்று, தீனித் தட்டின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, மீண்டும் அந்தத் தீனியையே தின்றன. சிறு அசைவும், மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சொலியும் போதும், அந்தத் தடம் விழித்துக்கொள்ளும்.

அதற்காகத் தீனிக்கும் வேட்டைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் தென்மேற்கில் 219 வீடுகளின் 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் நிறைந்த தீனி தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகள் 36 விழுக்காடு குறைந்தன. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 விழுக்காடு குறைந்தன. கழுத்தில் பளிச்சென்ற வண்ணத்துணிப் பட்டை கட்டிய பூனைகள் பிடித்த பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன. பலரும் நம்பிக் கட்டும் மணியால் சொல்லும்படியான பலன் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கை நம் வீட்டு அடுக்களைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் பூனைக்கு நாம் போடுவது பால்சோறு, தயிர்சோறு, குழம்பு பிசைந்த சோறு. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே தயாரிக்காது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளரும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனையால் ஆகாது. சோறு வயிற்றை நிரப்புகிறது, உடம்பின் தேவையை நிரப்புவதில்லை. எக்ஸ்டர் ஆய்வு இங்கிலாந்துப் பூனைகளைப் பற்றியதுதான் என்றாலும், சைவச் சோற்றில் வளரும் பூனைக்கு வேட்டையாட இன்னும் வலுவான காரணம் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். அது பிடிக்கும் ஓணானும் அரணையும் சிட்டும் நாம் போடத் தவறிய மீன்தலைக்கு ஈடு.

அப்படியானால் காட்டுப்பூனை கொல்வதற்கும் வீட்டுப்பூனை கொல்வதற்கும் என்ன வேறுபாடு? இங்கேதான் சூழலியல் தெளிவாகப் பேசுகிறது. இரை குறைந்தால் காட்டுப்பூனை பட்டினி கிடக்கும், குட்டிகள் பிழைக்காது, அதன் எண்ணிக்கை சரியும், இரை மீளும். வீட்டுப்பூனைக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. குன்றில் கடைசிக் காடைக்கூடு மிஞ்சியிருந்தாலும் வீட்டில் சோறு நிற்காது. பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் பூனைக்குக் குட்டி போட இன்ன பருவம் என்று இல்லை. ஆறு மாதத்தில் பருவத்துக்கு வந்து, சினைபட்ட ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடுகிறது. காடு தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு வேட்டை விலங்குகளை ஒரு தெரு தாங்கிவிடுகிறது.

2013இல் லாஸ், வில், மர்ரா ஆகிய மூவர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன. பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளின் வேலை. 2023இல் வந்த உலகளாவிய தொகுப்பு, பூனைகள் தின்னும் உயிரினங்கள் 2,084 என்று எண்ணியது. அவற்றில் 347 பாதுகாப்புக் கவலைக்குரியவை. மறுபுறம், பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கமே, தங்கள் நாட்டில் பறவைத் தொகை சரியப் பூனைதான் காரணம் என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்கிறது. இடத்துக்கு இடம் விடை மாறும் கேள்வி இது. தோட்டத்துச் சிட்டைப் பிடிக்கும் பூனை வேறு, உலகில் வேறெங்கும் இல்லாத பறவை வாழும் குன்றின் அடிவாரத்துப் பூனை வேறு.

அதனால்தான் எனக்குப் பிடித்தது 2020இல் கேஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஆறு நாடுகளில் 925 வீட்டுப்பூனைகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஊரெல்லாம் சுற்றுவதாக நாம் நினைக்கும் பூனை சராசரியாகச் சுற்றுவது 3.6 ஹெக்டேர், ஏறக்குறைய ஒன்பது ஏக்கர். பெரும்பாலானவை வீட்டிலிருந்து நூறு மீட்டரைத் தாண்டவில்லை. அந்தச் சின்னப் பரப்புக்குள் அவை செய்யும் வேட்டை, அதே அளவு காட்டு விலங்கு தன் பெரிய பரப்பில் செய்வதைப்போல் இரண்டு முதல் பத்து மடங்கு. தீங்கு எங்கும் பரவிக் கிடக்கவில்லை, வீட்டைச் சுற்றிக் குவிந்திருக்கிறது. அப்படியென்றால் எந்த வீடு என்பதே கேள்வி.

செஞ்சி பஸ் நிலையத்தையும் மார்க்கெட் கமிட்டியையும் ஒட்டிய வீட்டுப்பூனைக்கும் ராஜகிரிப் பாறைக்கும் வெகு தூரம். அந்தப் பூனையை அடைத்தால் சின்னானுக்கு எந்த நன்மையும் இல்லை. கமிட்டிக்குச் சுற்றுவட்டாரத்து நெல் மூட்டைகள் வண்டி வண்டியாக வந்திறங்குகின்றன. நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பூனை. அண்மைக் கிழக்கில் பூனை மனிதனோடு சேர்ந்ததே தானியக் குதிரால்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு புதைகுழியில் மனிதரின் அருகே பூனையையும் புதைத்திருக்கிறார்கள்.

ஆனால் பூனையின் எலிப் புகழில் கொஞ்சம் மிகை இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு கழிவுக்கூடத்தில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. 79 நாட்களில் பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டு. எலிகள் ஒளிந்து நடமாடப் பழகிக்கொண்டன, அவ்வளவே. பூனை விரும்புவது சுண்டெலி, பல்லி, குருவி அளவிலான இரையை. பெருச்சாளியைக் கண்டு பூனை பின்வாங்குவதை நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். களத்தில் எலியைக் குறைக்க வேண்டுமென்றால் வேளாண் துறை சொல்கிறபடி வயலில் பறவை தாங்கி நட்டு, இரவில் கூகை வந்தமர வழி செய்வது நல்ல பலன் தரும்.

வெளிநாட்டுச் சட்டங்களைப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது, அவை பூனையைவிட வீட்டைப் பொறுத்து அமைகின்றன என்பது. 1949இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் பூனை தெருவில் திரியக்கூடாது என்று மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் அதைத் திருப்பி அனுப்பினார்: துணையில்லாமல் சற்றே சுற்றித்திரிவது பூனையின் இயல்பு, பூனைக்கும் பறவைக்கும் உள்ள பழைய பகையை அரசு தீர்த்துவைக்கப் புறப்பட்டால் நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் கூட நடுவராக வேண்டிவரும் என்பது அவர் வாதம். வாதம் அழகானது. ஆனால் பறவைக்கும் புழுவுக்கும் இடையில் சோறு போடும் மூன்றாவது ஆள் இல்லை என்பதை அது விட்டுவிட்டது.

ஜெர்மனியின் வால்டோர்ஃப் ஊரில் 2022 மே மாதம், கொண்டை வானம்பாடி தரையில் கூடுகட்டும் மாதங்களில், குறிப்பிட்ட பகுதிகளில் ஆகஸ்ட் முடியும்வரை பூனைகளை வீட்டுக்குள் வைக்க உத்தரவிட்டார்கள். மீறினால் 500 யூரோ. பூனை அந்தப் பறவையைக் கொன்றுவிட்டால் 50,000 யூரோ வரை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த எந்தப் பூனையும் உரிமையாளரின் இடத்தைவிட்டு அவிழ்ந்து திரியக்கூடாது. மூத்த பூனைகளை அவற்றின் பழக்கத்தோடு விட்டுவிட்டு, புதிய தலைமுறையிலிருந்து தொடங்கிய அந்த முறை மனிதத்தன்மையுள்ளது.

நம்மவர் அன்றாடம் அனுபவிக்கும் சட்டம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1989 முதல் அங்கே வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. பலர் ரகசியமாக வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், மைக்ரோசிப், சன்னலில் வலை போன்ற தடுப்பு, தாழ்வாரத்தில் திரிய விடக்கூடாது என்பவை நிபந்தனைகள். இவற்றுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தந்தார்கள். தேக்கா பக்கத்து அடுக்குமாடியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இதைக் கடைப்பிடிப்பது கடினமில்லை. கதவைச் சாத்தினால் வீடு மூடிவிடும். செஞ்சியின் ஓட்டு வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கையளவு சந்து இருக்கும். புழக்கடை திறந்து கிடக்கும். பூனை யாருடையது என்று கேட்டால் மூன்று வீடுகள் தங்களுடையது என்று சொல்லும். இங்கே சிங்கப்பூர் விதியை அப்படியே கொண்டுவந்தால் முதல் வாரத்திலேயே அது காகிதமாகிவிடும்.

அதனால் நான் வேண்டுவது ஊர் முழுவதற்குமான விதியை அல்ல. சிங்கவரம், மேலச்சேரி போன்ற குன்றடிக் கிராமங்களிலும் கோட்டைக் குன்றுகளை ஒட்டிய தெருக்களிலும், பாறையிலிருந்து ஓர் இருநூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் சில ஏற்பாடுகள். கடுவன் பூனை இன்னும் தூரம் போகும் என்பதால் நூறை இருநூறாக்கிச் சொல்கிறேன். அந்த வீடுகளின் எல்லாப் பூனைகளுக்கும் அரசு செலவில் கருத்தடை அறுவை செய்ய வேண்டும். அதற்குப்பின் கடுவன் சுற்றும் தூரமும் குறையும். அந்தி சாய்வதற்கு முன் மீன்தலையைக் காட்டிக் கூப்பிட்டு, ஓர் அறையிலோ கூண்டிலோ வைத்து, வெயில் ஏறியபின் விடுவதைப் பழக்கமாக்கலாம். பூனை தீவிரமாக வேட்டையாடும் இரு வேளைகளும் இதில் அடங்கிவிடும். தரையில் உறங்கும் காடையும் கௌதாரியும், தரையிலேயே முட்டையிடும் பக்கியும் ஆள்காட்டியும் இரவில் தப்பும். காட்டுப்பூனையோடு சண்டையும் நோய்ப் பரிமாற்றமும் இனக்கலப்பும் குறையும். பகலில் நடமாடும் சின்னானுக்கு இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆகவே குன்றடிப் பூனைகளுக்குப் பளிச்சென்ற துணிப்பட்டையும் வேண்டும். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முள்ளில் மாட்டிப் பூனை செத்துப்போகும்.

கோட்டை வாசலில் உணவுக் கழிவை அன்றன்றே அகற்றுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். உரிமையாளர் இல்லாத பூனைகளைக் குன்றுக்குள் இழுப்பது அந்தக் குப்பைதான். இதில் பேரூராட்சி, தொல்லியல் துறை, வனத்துறை மூன்றும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொன்று மனிதரைப் பற்றியது. நாயைக் கண்டு அஞ்சும் நாம் பூனைக் கீறலை மஞ்சள் தடவி விட்டுவிடுகிறோம். பூனைக்கும் வெறிநோய் வரும், அதன் கடியாலும் பரவும். புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுகிறார்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. சங்கிலி பிடித்து நாயை அழைத்து வருகிறார்கள். குன்றடித் தெருக்களிலிருந்து பூனைகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவரவும், தடுப்பூசியோடு கருத்தடைக்கும் அங்கேயே பெயர் பதியவும் அதே முகாமில் ஒரு மேசை போட்டால் இந்த வேலையை வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.